சைனின் வர்க்கமா, வர்க்கத்தின் சைனா?

கேள்வி: நான் பதினோராம் வகுப்பு மாணவி. சைன் எக்ஸின் வர்க்கத்தையும் எக்ஸ் வர்க்கத்தின் சைனையும் சங்கிலி விதிப்படி (வெளிச்சார்பை வகையிட்டு, அதை உள்சார்பின் வகைக்கெழுவால் பெருக்கும் முறை) வகையிடும்போது, எதை வெளிச்சார்பாகக் கொள்வது என்று குழம்பிவிடுகிறேன். உறுதியாகக் கண்டறிய வழி உண்டா?

பதில்: உண்டு. எக்ஸுக்கு ஓர் எண்ணைக் கொடுத்து, கணிப்பானில் மதிப்பைக் காண்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கடைசியாக எந்தச் செயலைச் செய்கிறீர்களோ அதுவே வெளிச்சார்பு. வகையிடும்போது அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சைன் எக்ஸின் வர்க்கத்தில் முதலில் சைன் கண்டு, பிறகு வர்க்கப்படுத்துகிறோம். ஆகவே வர்க்கத்தை வகையிட்டு 2 சைன் எக்ஸ் என எழுதி, அதை உள்ளிருக்கும் சைன் எக்ஸின் வகைக்கெழுவான காஸ் எக்ஸால் பெருக்கினால், 2 சைன் எக்ஸ் காஸ் எக்ஸ், அதாவது சைன் 2எக்ஸ், கிடைக்கிறது. எக்ஸ் வர்க்கத்தின் சைனில் சைன்தான் கடைசிச் செயல். அது காஸாக மாறும். ஆனால் அதனுள் இருக்கும் எக்ஸ் வர்க்கம் மாறாமல் அப்படியே நிற்க, அதன் வகைக்கெழுவான 2எக்ஸ் வெளியே பெருக்கலாக வந்து சேரும். விடைத்தாள்களில் இந்த இடத்தில் காஸ் 2எக்ஸ் என்று எழுதிவிடுவதைத்தான் அதிகம் காண்கிறோம். உள்ளதையும் வெளியதையும் ஒரே நேரத்தில் வகையிடுவதால் வரும் பிழை அது. எக்ஸ் 1 எனில் முதல் வகைக்கெழு ஏறத்தாழ 0.909, இரண்டாவது 1.081, இரண்டு சார்புகளும் வேறு வேறு என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

மூன்று அடுக்கானாலும் முறை இதுவே. காஸ் 5எக்ஸின் கனத்தை வகையிடும்போது, கனத்திலிருந்து 3 காஸ் 5எக்ஸின் வர்க்கமும், காஸிலிருந்து எதிர்க்குறியுடன் சைன் 5எக்ஸும், கடைசி அடுக்கிலிருந்து 5-உம் வர, விடை −15 காஸ் வர்க்கம் 5எக்ஸ் சைன் 5எக்ஸ் ஆகிறது. அந்த 5-ஐ மறந்துவிடாதீர்கள்.

கோணம் பாகையில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத இன்னோர் அடுக்கும் உண்டு. சைனின் வகைக்கெழு காஸ் என்ற வாய்பாடு ரேடியனுக்கு மட்டுமே பொருந்தும். எக்ஸ் பாகை என்பது பை எக்ஸ் வகுத்தல் 180 ரேடியன் ஆதலால், சைன் எக்ஸ் பாகையின் வகைக்கெழு, காஸ் எக்ஸ் பாகையைப் பை வகுத்தல் 180-ஆல் பெருக்கி வருவது. எக்ஸ் 0-இல் அதன் மதிப்பு 1 அல்ல, ஏறத்தாழ 0.01745. எனவே மேலே சொன்ன மதிப்புகளைச் சரிபார்க்கும் முன் கணிப்பானை ரேடியனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.