கல்லாப்பெட்டிக் காவடி

அன்புள்ள அக்கா,

தென்காசிப் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்கா வந்து, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கணக்கு எழுதுகிறேன். போன வருடம் நம் காவடியைக் கேலி செய்து படம் போட்ட ஒரு மாணவனுக்காக நீங்கள் ஆஜரானதாகக் கோயிலில் பேசிக்கொண்டார்கள். நம்மை அவமானப்படுத்தினவனுக்கு நம்ம வீட்டுப் பெண்ணே வக்காலத்து வாங்கலாமா? சட்டம் இரண்டாம் வருடம் படிக்கும் என் மகளும் இப்போது, "மாணவர்களின் பேச்சுரிமைக்காக வாதாடப்போகிறேன்" என்கிறாள். இது சோறு போடுமா அக்கா?

ஒரு வாசகர், டர்பன்

அன்புள்ள தம்பி,

கோயிலில் பேசிக்கொண்டது உண்மைதான், ஆஜரானேன். அந்தப் பையனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவன் பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் வேண்டாம்.

நீங்கள் படத்தைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன், அதனால் சொல்லிவிடுகிறேன். நெற்றியில் பட்டை போட்ட கடைக்காரர். தோளில் காவடிக்குப் பதில் கல்லாப்பெட்டி, இரண்டு பக்கமும் மயிலிறகு. முதுகில் குத்திய கொக்கிகளின் கயிற்றைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நிற்பது அவர் கடையில் வேலை பார்க்கும் ஜூலு அம்மா. கீழே ஒரு வரி: "விரதம் அவருக்கு, பட்டினி எனக்கு." விடுதிச் சுவரில் ஒட்டியிருந்தான். அவன் அம்மா பல வருடம் நம்மவர் கடை ஒன்றில் நின்று வேலை பார்த்தவர்.

நான் தைப்பூசத்துக்கு விரதமிருந்து பால்குடம் எடுப்பவள். முதலில் பார்த்தபோது எனக்கு முகம் சுட்டது. மயிலிறகை மட்டும் ஒவ்வொரு கண்ணாக அழகாக வரைந்திருந்தான், பாவி.

குற்றச்சாட்டு இரண்டு: மதத்தை இழிவுபடுத்தியது, பல்கலைக்கழகத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தது. வெளி வக்கீலை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். வழக்கமாகச் சொல்வதுதான். 2002இல் ஹமாட்டா என்ற மாணவரின் வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. வளாகத்தில் பாலியல் தொழில் நடப்பதாக வந்த ஒரு செய்திக் கட்டுரைக்காக அவரைக் கல்லூரியை விட்டே நீக்கியிருந்தார்கள். வெளி வக்கீலை அனுமதிக்கும் அதிகாரம் ஒழுங்குக் குழுவுக்கு உண்டு, விதியைக் காட்டி யோசிக்காமலே மறுக்கக்கூடாது என்றது தீர்ப்பு. அதை ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன். அப்புறம்தான் நாற்காலி போட்டார்கள்.

சின்ன அறை, மூன்று பேர் குழு, ஒரு தண்ணீர் ஜக், பிளாஸ்டிக் உறைக்குள் படம். தலைவர் அதைத் தூக்கிப் பிடித்து, "இது எந்தத் தெய்வம்?" என்று கேட்டார். தெய்வம் இல்லை, காவடி என்று விளக்கியது நான்தான். முருகனைப் பற்றிப் படத்தில் ஒரு சொல் கிடையாது, கடைக்காரரைப் பற்றித்தான் எல்லாம் என்றேன். 'நற்பெயர்' என்றால் என்னவென்று உங்கள் விதிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் கேட்டேன். புரட்டினார்கள், இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து, அனுமதியில்லாமல் சுவரில் ஒட்டியதற்கு மட்டும் எழுத்துமூல எச்சரிக்கை. அது சரிதான், ஒட்டினான்தானே.

வெளியே வந்ததும், "உங்களுக்குக் கோபமே வரலையா மா?" என்று கேட்டான். வந்தது என்றேன். அவனிடம் வேறு என்ன சொல்ல?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் அரசியல் சாசனத்தின் 16ஆவது பிரிவு பேச்சுரிமையையும் கல்விச் சுதந்திரத்தையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. எதற்குப் பாதுகாப்பு இல்லை என்பதும் அதிலேயே இருக்கிறது: போர்ப் பிரசாரம், உடனடி வன்முறைக்குத் தூண்டுவது, இனம், மதம், பாலினம் சொல்லி வெறுப்பைப் பரப்பித் தீங்கு செய்யத் தூண்டுவது. மனம் புண்பட்டது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. சமத்துவச் சட்டத்தில் 'புண்படுத்தும்' பேச்சுக்கும் தடை இருந்தது. 2021இல் அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்றது. தேதியைக் கவனியுங்கள், ஜூலை 31. டர்பனில் நம்மவர் அதிகம் வாழும் பீனிக்ஸில் கலவரத்தின்போது 36 பேர் செத்த அதே மாதம். ஓரினச் சேர்க்கையாளர்களைத் தாக்கிப் பத்திரிகையில் ஒருவர் எழுதிய பத்தி பற்றிய வழக்கு அது. அந்தச் சொல்லை நீக்கிய அதே தீர்ப்பில், அந்தப் பத்தி வெறுப்புப் பேச்சுதான் என்றும் சொன்னார்கள். எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று யாரும் சொல்லவில்லை தம்பி. அந்தப் பையன் "இந்தியக் கடைகளைக் கொளுத்து" என்று எழுதியிருந்தால் நான் அந்த அறைப்பக்கம் போயிருக்க மாட்டேன்.

'நம்ம வீட்டுப் பெண்' என்று எழுதியிருக்கிறீர்கள். நம்ம வீட்டுப் பையன்கள் கதையையும் பார்ப்போம். 1974 செப்டம்பரில் இதே டர்பனில், கரீஸ் ஃபவுன்டன் மைதானத்தில், மொசாம்பிக் விடுதலை இயக்கத்தை வாழ்த்தித் நிறவெறி அரசின் தடையை மீறி ஒரு கூட்டம். அதைத் தொடர்ந்து வந்த வழக்கில் கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தைச் சேர்ந்த ஸ்ட்ரினி மூட்லியும் சாத்ஸ் கூப்பரும் ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். அரசுத் தரப்பு சாட்சியமாகக் காட்டியவற்றில் கவிதையும் நாடகமும் துண்டுப் பிரசுரமும் இருந்தன. அது அந்தக் காலம் என்பீர்கள். 2008இல், விடுதலை வந்து 14 வருடம் கழித்து, குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் நித்யா செட்டியும் ஒரு கணிதப் பேராசிரியரும் பல்கலைக்கழகத்தின் கல்விச் சுதந்திர விவகாரத்தைப் பத்திரிகைகளிடம் பேசியதற்காக ஒழுங்கு நடவடிக்கையைச் சந்தித்தார்கள். செட்டி வேலையை விட்டே போனார். 'நற்பெயர்' மாதிரி ஒரு தொளதொளச் சட்டை யாருக்கும் பொருந்தும். காவடிக்காரனுக்கும் மாட்டிவிடுவார்கள்.

சோறு போடுமா என்றால், இந்த வேலை மட்டும் போடாது. என் அலுவலக வாடகையைக் கட்டுவது வீட்டுப் பத்திரமும் உயிலும் அண்ணன் தம்பி சொத்துத் தகராறும்தான். வளாக வழக்கில் வருவது பெரும்பாலும் நன்றியும் சில சமயம் ஒரு டப்பா பிஸ்கட்டும். மகள் நாலு வருடப் பட்டத்தை முடிக்கட்டும். அப்புறம் ஒரு வக்கீலிடம் பயிற்சி, போர்டு பரீட்சை, உயர் நீதிமன்றத்தில் உறுதிமொழி என்று எப்படியும் சில வருடம் ஓடிவிடும், அதற்குள் மனசு மாறினாலும் மாறலாம். மாறாவிட்டால் பயப்படாதீர்கள். நவி பிள்ளை இந்த ஊர் பஸ் டிரைவர் ஒருவரின் மகள். 1967இல் சொந்தமாக அலுவலகம் திறந்து, அரசு வெறுத்தவர்களுக்காகவே வாதாடினார். பிறகு ஐ.நா. மனித உரிமை ஆணையர் ஆனார். அவர் வீட்டிலும் யாராவது சோறு போடுமா என்று கேட்டிருப்பார்கள்.

சனிக்கிழமைகளில் ஒரு மணி வரை அலுவலகத்தில் இருப்பேன். மகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். படம் ஃபைலில்தான் இருக்கிறது. அதை உங்களுக்குக் காட்டலாமா என்று பையனிடம் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா