ஒவ்வாமை ஊசியை எப்போது தொடங்கலாம்?

கேள்வி: என் 7 வயது மகனுக்கு வீட்டுத் தூசியிலுள்ள நுண்பூச்சிகளால் காலையில் அடுக்குத் தும்மலும், அவ்வப்போது இளைப்பும் வருகின்றன. ஒவ்வாமை ஊசி போடலாம் என்கிறார் மருத்துவர். தொடங்கலாமா?
— வாசகி, ஈரோடு.

பதில்: பொதுவாக 5 வயதுக்கு மேல் தொடங்குவார்கள் என்பதால் வயது தடையில்லை, ஆனால் இளைப்பு கட்டுக்குள் வந்த பிறகே முதல் ஊசியைப் போட வேண்டும். எந்தப் பொருள் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ அதையே மிகச் சிறிய அளவில் தோலுக்கடியில் செலுத்தி, வாரந்தோறும் அளவைக் கூட்டி, சில மாதங்களில் உரிய அளவை எட்டியபின் ஏறக்குறைய மாதம் ஒருமுறையாக 3 முதல் 5 ஆண்டுகள் வரை தொடர்வதே இச்சிகிச்சை. 1911இல் லண்டனில் லியோனார்ட் நூன் என்ற மருத்துவர் புல் மகரந்தத்தைக் கொண்டு செய்து காட்டிய முறைதான் இதற்கு அடிப்படை. ஊசி போட்டதும் பள்ளிக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிடாதீர்கள்: அரிதாக உயிருக்கே ஆபத்தான எதிர்வினை ஏற்படலாம், அது பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும் என்பதால், 30 நிமிடங்கள் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும். அங்கே அந்த எதிர்வினைக்கு உடனே போட வேண்டிய அட்ரினலின் மருந்து கைவசம் உள்ளதா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். காய்ச்சலோ இளைப்போ இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பலன் தெரியப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை இன்ஹேலரை நீங்களாக நிறுத்தக் கூடாது. ஊசியைக் கண்டாலே அலறும் பிள்ளையென்றால், நாக்கினடியில் வைக்கும் மருந்தைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.