டாக்டர் படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம்: யாரிடம் கேட்பது?

மதுரையில் ஒரு கல்லூரியில் 31 ஆண்டுகள் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகளுக்கு நிறையக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த விஷயமாக வந்த கேள்விகளும் என் பதில்களும்:

நீட் எழுதியிருக்கிறேன் சார். கலந்தாய்வுக்கு யாராவது பெரியவரிடம் கடிதம் வாங்க வேண்டுமா? (மாணவர், உசிலம்பட்டி)

வேண்டாம் தம்பி. நம் ஊரில் எம்.பி.பி.எஸ். சீட்டுக்கு நீட் மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடும்தான். 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்றைப் பள்ளியில் கேட்டு வாங்கி வையுங்கள். கடிதம் வாங்கித் தருகிறேன் என்று எவராவது பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். இங்கிலாந்தில் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். என் கணவரின் சித்தப்பா பெயர் பெற்ற சர்ஜன், அவரே எழுதித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? (ஓர் அம்மா, அண்ணா நகர்)

வாங்கக் கூடாதும்மா. அங்கே எல்லாரும் யூகாஸ் என்ற பொது அமைப்பு வழியாகத்தான் விண்ணப்பிக்கிறார்கள். குடும்பத்தாரோ நண்பர்களோ எழுதக் கூடாது என்பது அதன் விதி.

குழப்பம் எல்லாம் 'சிபாரிசு' என்ற சொல்லால் வருகிறது. சிபாரிசு என்றதும் நமக்கு எம்.எல்.ஏ. வீட்டு வாசல்தான் ஞாபகம் வரும். அங்கே கேட்பது அதை இல்லை. இந்தப் பெண்ணை வகுப்பில் தினமும் பார்த்தவர் என்ன சொல்கிறார் என்பதைத்தான் கேட்கிறார்கள். உயிரியல் டீச்சர், கிளாஸ் டீச்சர், பிரின்சிபால் இவர்களில் ஒருவர் எழுதட்டும். மகளின் பெயரைக் கேட்டதும் முகம் நினைவுக்கு வருகிறவராக இருந்தால் சரி. பள்ளி யூகாஸில் பதிவு செய்யாதது என்றால் ஆசிரியரின் மின்னஞ்சலை நீங்கள் கொடுக்க வேண்டும், அவருக்கு இணைப்பு போகும். பள்ளியின் மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதையே கொடுங்கள்.

மருத்துவத்துக்கு 4 இடங்கள்வரை போடலாம். கடிதம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அதனால் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் அதில் எழுதிவிட வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லி வையுங்கள். கடைசி நாள் அக்டோபர் 15, அவர்கள் நேரம் மாலை 6 மணி. நமக்கு இரவு 10:30. காலாண்டுப் பரீட்சைத் தாள் திருத்தும் நேரத்தில் போய் நிற்காதீர்கள், ஜூலையிலேயே கேட்டுவிடுங்கள்.

நான்தான் அப்படி எழுத வேண்டிய டீச்சர். நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி எழுதினால் போதுமா சார்? (திருமங்கலம்)

போதாது. 'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி' என்று எழுதினால் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும், அதனால் யாருக்கும் உதவாது. இப்போது யூகாஸ் கடிதத்தில் மூன்று பகுதிகள்: பள்ளியைப் பற்றிப் பொதுவாக, மாணவிக்கு வந்த இடைஞ்சல்கள், படிப்புக்குத் தொடர்பான மற்ற செய்திகள். 11ஆம் வகுப்புப் பரீட்சை சமயம் டெங்கு வந்து படுத்திருந்தாள் என்றால் இரண்டாவது பகுதியில் வரும், அவளைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். எதிர்பார்க்கும் மதிப்பெண் தனியாகப் போகும். அதில் தாராளம் காட்ட வேண்டாம்.

மூன்றாவது பகுதிக்கு நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்று வேண்டும். என்னிடம் ஒரு மாணவி இருந்தாள். ரத்த அணுக்களை எண்ணும் செய்முறையில் அவள் கணக்கு தப்பிவிட்டது. மற்றவர்கள் ரப்பரால் அழித்துவிட்டு நண்பனின் நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். இவள் தப்பான எண்ணை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'திரும்ப எண்ணினேன்' என்று எழுதித் தேதியும் போட்டிருந்தாள். அவளுக்கான கடிதத்தில் பாதி அந்த நோட்டுப் பக்கத்தைப் பற்றித்தான்.

சார் நல்லவர். ஆனால் 'நீயே டைப் பண்ணிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்கிறார். என்ன செய்வது? (கே.கே. நகர்)

இது நம் ஊர் வியாதி, எனக்கும் இருந்தது. ஒரு வருஷம் இரண்டு பையன்கள் தாங்களே எழுதிக் கொண்டுவந்த கடிதங்களில் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இருவரும் ஒரே மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது பத்தி வார்த்தைக்கு வார்த்தை ஒன்று. இரண்டும் ஒரே இடத்துக்குப் போயின. பையன்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், பேனா என்னுடையது.

கடிதமாக எழுதாமல் ஒரு பக்கக் குறிப்பு கொண்டு போங்கள். அவரிடம் எந்த வருஷம், என்ன பாடம், எந்த செய்முறை, நீங்கள் கேட்டு அவர் ரசித்த கேள்வி, கடைசித் தேதி. 'சார், இதைப் பார்த்து நீங்கள் உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்' என்று சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் எழுதிவிடுவார்கள். மழுப்பினால் விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். மனமில்லாமல் எழுதிய கடிதம் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

மதுரை மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன் நான். அமெரிக்க ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு அங்கே மருத்துவமனையில் எடுக்கும் சிறப்புப் பயிற்சிக்கு, துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கவா, வார்டில் கூட நின்ற உதவிப் பேராசிரியரிடமா?

என் மகள் போன வழி இது, அதனால் சொல்கிறேன். உதவிப் பேராசிரியர். பெரியாஸ்பத்திரி வார்டில் ராத்திரி 2 மணிக்கு நீங்கள் நோயாளியின் உறவினரிடம் எப்படிப் பேசினீர்கள் என்று தலைவருக்குத் தெரியாது. ஒரு இடத்துக்கு 4 கடிதம்வரை அனுப்பலாம். முடிந்தால் அமெரிக்க மருத்துவமனையில் உங்களை வேலை வாங்கியவரின் கடிதமும் இருக்கட்டும், அங்கே அதற்குத் தனி மதிப்பு. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். விட்டுக்கொடுங்கள்.

நான் அமெரிக்காவில் இளங்கலை படிக்கிறேன், வீடு வில்லாபுரம். எம்.டி. படிப்புக்கு (நம் ஊர் எம்.பி.பி.எஸ். மாதிரி அங்கே டாக்டராகும் முதல் பட்டம்) 10 கடிதம் போடலாமாமே?

அங்கே மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பு ஆம்காஸ். அதன் விண்ணப்பத்தில் 10வரை இடம் உண்டு. அதற்காக 10 தேட வேண்டாம். கல்லூரிக்குக் கல்லூரி கேட்பது மாறும். அறிவியல் பேராசிரியர் இருவர், வேறு பாடத்தவர் ஒருவர் என்று கேட்பது வழக்கம். கடிதம் வந்து சேருமுன்பே விண்ணப்பத்தை அனுப்பிவிடலாம், காத்திருந்து தாமதிக்காதீர்கள்.

எழுதிக் கொடுப்பவருக்கு என்ன செய்யலாம் சார்? (செல்லூர்)

முடிவு வந்ததும் ஒரு போன். கிடைக்காவிட்டாலும் போன் பண்ணுங்கள், அப்போதுதான் அடுத்த வருஷமும் எழுதுவார். ஒரு தகப்பனார் நான் எழுதுவதற்கு முன்பே சுங்குடிச் சேலையோடு வந்துவிட்டார். திருப்பி அனுப்பினேன். நல்ல மாம்பழக் கலர் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.