வளைவோரம் ஆளில்லாத கேமரா

கேள்வி: இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பைக் ரேஸ் படம் எடுக்கிறேன். ஒரு வளைவருகே தரையோடு தரையாக இரண்டாவது கேமராவை வைத்து, மொபைல் ஆப்பில் தட்டிப் பார்த்தேன். பாதிப் படங்களில் வெறும் ரோடு, மீதியில் பைக் மங்கல். என்ன செய்வது? - ஆவடி வாசகர்

முதலில் அந்த ஆப்பை விட்டுவிடுங்கள். மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் வரும் பைக் ஒரு விநாடிக்கு 40 மீட்டர் போகும். ஆப் அரை விநாடி யோசித்தால் 20 மீட்டர் போச்சு. விநாடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவிலேயே ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 4 மீட்டர். வைடு லென்ஸில் பைக் பெரிதாகத் தெரிவதே கிட்டத்தட்ட அந்த 4 மீட்டருக்குள்தான். அதனால் வேகம் குறைகிற வளைவாகப் பாருங்கள். 72 கி.மீ. வேகம் என்றால் இடைவெளி பாதியாகிவிடும்.

ரேடியோ டிரிகர் ஒரு ஜோடி வாங்குங்கள். ஒன்று உங்கள் கையில், அமுக்கினால் சிக்னல் அனுப்பும்; மற்றது ரிசீவர், அதை வாங்கிக் கேமராவைச் சொடுக்கும். ரிசீவரைக் கேமரா தலையில் செருகினால் மட்டும் பெரும்பாலும் ஷட்டர் விழாது. உங்கள் மாடலுக்கான ரிமோட் கேபிளும் வேண்டும். சென்னை ரிச்சி தெருக் கடைகளில் தேடும்போது கேமராவைக் கையோடு கொண்டுபோய், செருகிப் பார்த்து வாங்குங்கள். ரிசீவரை இரும்புத் தடுப்புக்குப் பின்னால் பதுக்காதீர்கள், சிக்னல் அடிபடும்.

மங்கலுக்கு முக்கியக் காரணம் ஆட்டோஃபோகஸ். பைக் வருவதற்கு முன் அது தூரத்து மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். மேனுவலுக்கு மாற்றுங்கள். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா, 24 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துவாரம் எஃப் 8 என்றால் இரண்டரை மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் போதும். சுமார் ஒன்றேகால் மீட்டரிலிருந்து கடைசிவரை தெளிவாக விழும். அப்புறம் ஃபோகஸ் வளையத்தின் மேல் கேஃபர் டேப் (பசை தங்காமல் உரியும் துணி டேப்) ஒட்டுங்கள். செல்லோடேப் வேண்டாம். நம்ம ஊர் வெயிலில் பசை இளகி வளையத்திலேயே தங்கிவிடும், எனக்கு ஒரு லென்ஸ் இன்னும் பிசுபிசுக்கிறது.

ஷட்டர் 1/2000. அதிலும் 144 கி.மீ. பைக் 2 செ.மீ. நகர்ந்துவிடும். எனவே குறுக்கே ஓடும் பைக்கைவிட, கேமராவை நோக்கி வரும் பைக்தான் நன்றாக விழும். எக்ஸ்போஷரும் (வெளிச்ச அளவும்) மேனுவல். கேமரா தானாகத் தூங்கப் போகும் வசதியை மறக்காமல் அணைத்து வையுங்கள். செஷன் தொடங்கிவிட்டால் போய்த் தட்டி எழுப்ப முடியாது.

கேமராவை வைக்கும் இடத்தை மட்டும் நீங்களே முடிவு செய்யாதீர்கள். ரேஸை நடத்தும் தலைமை அதிகாரியான கிளர்க் ஆஃப் தி கோர்ஸின் அனுமதி, அந்த வளைவில் பாதுகாப்பைக் கவனிக்கும் மார்ஷலின் சம்மதம் இரண்டும் வேண்டும். விழுகிற ரைடர் சறுக்கிவரும் ரன்-ஆஃப் பகுதியில் ஒரு சின்ன ஸ்டாண்டுகூடக் கூடாது. வளைவின் உள்பக்கமும் அப்படித்தான், சாய்ந்து வரும் ரைடரின் தலையும் தோளும் டிராக்கின் ஓரக்கோட்டைத் தாண்டி நீளும். தடுப்புக்குப் பின்னால் கிளாம்ப் போட்டு, கூடவே ஒரு கம்பிக் கயிற்றாலும் கட்டுங்கள். தரையோடு தரையாக வேண்டும் என்ற ஆசையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டிவரும்.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள். லென்ஸில் பனி படியும். அரை மணி நேரம் மூடிய பையிலேயே வெளிச்சூட்டுக்குப் பழகட்டும்.