எந்தக் கணக்கு சரி? கார் விற்பனை பற்றி வேலூர்ப் பக்கக் கேள்விகள்

கார் கம்பெனிகளின் ஆண்டு விற்பனை, உற்பத்தி எண்களைப் பற்றி வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள். ஹூண்டாய் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். நம் சென்னை சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை இருப்பதால் அது இயல்புதான்.

காட்பாடியிலிருந்து: ஹூண்டாய் இந்தியாவில் 6,05,433 வண்டி விற்றதாக ஒரு செய்தி, 5,98,666 என்று இன்னொன்று. எது பொய்?

இரண்டுமே உண்மை. முதலாவது 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை. இரண்டாவது 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, அதாவது நிதியாண்டு. மூன்று மாதம் தள்ளிப் பார்த்தாலே ஆறு லட்சத்துக்கு மேல் இருந்தது கீழே இறங்கிவிடுகிறது. எண்ணைக் கேட்கும் முன்னால் எந்த ஆண்டு என்று கேளுங்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஆற்காட்டிலிருந்து: 2024-ல் ஹூண்டாய் உள்நாட்டில் சாதனை என்றார்கள். அப்புறம் ஏன் மொத்தம் குறைந்தது?

ஏற்றுமதியைப் பாருங்கள். 2023-ல் உள்நாடு 6,02,111, ஏற்றுமதி 1,63,675, மொத்தம் 7,65,786. 2024-ல் உள்நாடு 6,05,433 ஆகக் கூடியது, ஆனால் ஏற்றுமதி 1,58,686 ஆக இறங்கியதால் மொத்தம் 7,64,119. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் வியாபாரம் செய்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெளிநாட்டு ஆர்டர் சுருங்கினால் உள்ளூர் விற்பனை அதை முழுசாக ஈடுகட்டாது.

குடியாத்தத்திலிருந்து: இங்கே செய்து மெக்சிகோ போகிற வண்டி இரண்டு நாட்டிலும் எண்ணப்படுமா?

உற்பத்தி இந்தியாவின் கணக்கில், விற்பனை மெக்சிகோவின் கணக்கில். உலக மொத்தத்தில் ஒரு முறைதான்.

வாலாஜாவிலிருந்து: ஷோரூமில் வண்டி நிற்கிறது, கம்பெனியோ விற்றுவிட்டேன் என்கிறது. எப்படி?

முக்கியமான கேள்வி. இந்தியாவில் கம்பெனிகள் மாதாமாதம் அறிவிக்கும் விற்பனை பெரும்பாலும் டீலருக்கு அனுப்பிய எண்ணிக்கைதான். மார்ச் 30-ல் லாரியில் வந்து இறங்கிய வண்டி அந்த நிதியாண்டின் விற்பனை. அதை ஏப்ரலில் ஒருவர் வாங்கி டி.என். 73 பதிவு எண் போடும்போதுதான் வாகனப் பதிவுக் கணக்கில் வரும். டீலர்கள் சங்கம் வெளியிடுவது இந்தப் பதிவுக் கணக்கு. ஆனால் அதிலும் தெலங்கானா நெடுங்காலம் சேராமல் இருந்தது. அனுப்பியதற்கும் பதிவானதற்கும் இடைவெளி மாதக்கணக்கில் பெருகிக்கொண்டே போனால் கிடங்கில் வண்டி தேங்குகிறது என்று அர்த்தம். டீலர் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பார். எனக்கு நம்பிக்கையான கணக்கு பதிவுதான்.

பேரணாம்பட்டிலிருந்து: உலக அளவில் ஹூண்டாய்க்கு இந்தியா பெரிய சந்தையா?

ஆம். 2024-ல் உலகம் முழுக்க விற்றது சுமார் 41.4 லட்சம், அதில் ஆறு லட்சத்துக்கு மேல் இந்தியாவில். கியாவையும் சேர்த்தால் 72 லட்சத்தைத் தாண்டும், டொயோட்டாவுக்கும் ஃபோக்ஸ்வாகனுக்கும் அடுத்த இடம். 2016-ல் ஹூண்டாய் சீனாவில் மட்டும் 11 லட்சத்துக்கு மேல் விற்றது. அடுத்த ஆண்டு தென்கொரியாவில் அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைத்ததில் சீனாவுடன் எழுந்த பகையில் அங்கே சரிவு தொடங்கியது. உள்ளூர் மின்கார்கள் வந்தபின் மீளவே இல்லை. ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆலை 2022-ல் நின்றது, 2024-ல் கைமாறியது. இந்த இரண்டு இழப்புக்கும் பிறகு நம் ஆலையின் மதிப்பு கூடிவிட்டது.

நெமிலியிலிருந்து: பனப்பாக்கத்து டாடா ஜாகுவார் லேண்ட்ரோவர் ஆலையில் ஆண்டுக்கு 2.5 லட்சம் வண்டி என்கிறார்கள். என் மகன் ஐ.டி.ஐ. படிக்கிறான், நம்பலாமா?

2024 செப்டம்பர் 28-ல் அடிக்கல் நாட்டினார்கள், முதலீடு 9,000 கோடி ரூபாய். 2.5 லட்சம் என்பது ஆலையின் திறன். அதையும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் படிப்படியாக எட்டுவதாகத்தான் சொன்னார்கள். திறன் வேறு, உற்பத்தி வேறு. ஜாகுவார் லேண்ட்ரோவர் 2024-25 நிதியாண்டில் உலகம் முழுக்கவே நான்கு லட்சம் சுமாரில்தான் விற்றது, அதனால் டாடாவின் சொந்த வண்டிகளும் அங்கே தயாராக வேண்டியிருக்கும். மகன் படிப்பைத் தொடரட்டும். வேலைக்கு எடுக்கும்போது எத்தனை ஷிஃப்ட் ஓடுகிறது, நிரந்தர வேலையா ஒப்பந்தமா என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.