டர்ட் பைக் என்ஜின்: வீட்டில் எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: யாரோ ஓட்டிய 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் டர்ட் பைக் ஒன்றை வாங்கியிருக்கிறேன். என்ஜின் பராமரிப்பை வீட்டிலேயே கற்றுக்கொள்ள ஆசை. கையில் சாதாரண ஸ்பேனர் செட் மட்டும்தான் இருக்கிறது. முதலில் எதைத் தொடுவது?

பதில்: ஏர் ஃபில்டரைத் தொடுங்கள். என்ஜினைப் பிரித்துப் பார்க்கும் ஆசை கொஞ்ச நாள் பொறுக்கட்டும். டர்ட் பைக் என்ஜினுக்கு முதல் எதிரி புழுதி. நுண்மணல் உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். அதனால் புழுதியில் ஓட்டிய ஒவ்வொரு முறையும் ஃபில்டரைப் பார்த்துவிடுங்கள்.

பெரும்பாலான டர்ட் பைக்குகளில் இருப்பது ஸ்பாஞ்ச் ஃபில்டர். வெறும் ஸ்பாஞ்ச் நுண்புழுதியைத் தடுக்காது; அதில் தடவும் பிசுபிசுப்பான ஃபில்டர் ஆயில்தான் பிடித்து நிறுத்துகிறது. கழற்றியதும் காற்றுப் பாதையைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். ஃபில்டர் கிளீனரில் கழுவி, சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழியுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே ஆயில். பெட்ரோலில் கழுவ வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்து போக, ஸ்பாஞ்சின் ஒட்டுகளும் விட்டுப்போகும். அப்புறம், மாட்டுவதற்கு முன் காற்றுப் பாதையின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மண் ஒட்டினால் ஃபில்டர் கிழிந்திருக்கிறது, அல்லது சரியாக உட்காரவில்லை. பழைய வண்டி வாங்கியவர்கள் அவசியம் செய்ய வேண்டிய சோதனை இது.

அடுத்தது ஆயில். பல 250 சிசி என்ஜின்களில் ஒரு லிட்டரைச் சுற்றித்தான் ஆயில் இருக்கும். பெரும்பாலும் அதே ஆயில்தான் கியருக்கும் கிளட்சுக்கும் போகிறது. சில மாடல்களில் என்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் தனித்தனி. அதனால் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலை முதலில் தேடி எடுங்கள். எந்த ஆயில், எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆமாம், இங்கே கணக்கு பெரும்பாலும் மணியில்தான். என்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் ஒன்றை மாட்டிக்கொள்வது நல்லது. கிளட்ச் ஆயிலில் நனையும் வகை என்றால் டப்பாவில் ஜேசோ (JASO, ஜப்பானியத் தரக்குறி) எம்.ஏ அல்லது எம்.ஏ 2 தரம் பார்த்து வாங்குங்கள். சில கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு, கிளட்ச் வழுக்கும்.

என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை இறக்குங்கள். மூடிய அறைக்குள் ஓடவிடாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். ஆயிலை இறக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதைக் கவனித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை மாதிரி கொஞ்சம் ஒட்டியிருப்பது சகஜம். பளபளக்கும் உலோகத் துண்டு இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். ஆயில் ஃபில்டரைத் திசை மாற்றி மாட்டினால் ஆயில் ஓட்டமே நின்றுபோகலாம். பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று போட்டோ எடுத்து வையுங்கள்.

போல்ட்டை முறுக்கும்போதுதான் புதியவர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். என்ஜின் உடம்பு அலுமினியம். கைபலத்துக்கு இறுக்கினால் மரை போய்விடும். உங்கள் செட்டில் சேர்க்க வேண்டிய முதல் கருவி, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச்தான். ஸ்பார்க் பிளக்குக்கும் இதே கதை: சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டுக் கழற்றுங்கள், திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையால் திருப்புங்கள்.

இவையெல்லாம் கைக்குப் பழகிய பிறகு டேப்பெட் இடைவெளிக்கு, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளிக்கு வரலாம். என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து குறித்து வைத்தால் முதலில் போதும். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் இடைவெளி குறைந்துகொண்டே வந்து, ஸ்டார்ட் ஆகவும் வண்டி அடம்பிடித்தால், வால்வோ அதன் சீட்டோ தேய்கிறது என்று சந்தேகிக்கலாம். அதைச் சரிசெய்ய சிலிண்டருக்கு மேலே இருக்கும் ஹெட்டைக் கழற்ற வேண்டும். அந்த வேலையை மட்டும் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள்.