ஜப்பானியவியல் படிக்கப் போகும் மகளின் அப்பாவுக்கு

அன்று மகளோடு வந்திருந்தபோது, “இதைப் படிச்சா என்ன வேலை சார் கிடைக்கும்?” என்று மூன்று முறை கேட்டீர்கள். நான் சொன்ன பதில் உங்களுக்குப் போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் போதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பேச்சு முழுக்க இதை ‘லாங்குவேஜ் கோர்ஸ்’ என்றே சொன்னீர்கள். மொழி பாதிதான். 1868 மெய்ஜி ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அந்த நாடு சில பத்தாண்டுகளில் எப்படித் தொழில் வல்லரசானது, பிறப்பு குறைந்து முதியவர்கள் பெருகிவிட்ட சமூகம் இன்று எப்படி நடக்கிறது, ஆயிரம் ஆண்டுக்கு முன் முரசாகி ஷிகிபு என்ற அரசவைப் பெண்மணி எழுதிய, ‘கெஞ்சி’ என்ற இளவரசனின் கதையை இன்னும் ஏன் படிக்கிறார்கள் என்பதெல்லாம் மீதிப் பாதி. சேர்வதற்கு முன் பாடத்திட்டத்தைக் கையில் வாங்கி, மொழிக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எண்ணுங்கள். கடைசி ஆண்டில் ஜப்பானிய மொழியிலேயே நூல்களையும் கட்டுரைகளையும் படிக்கும் தாள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். எல்லாமே மொழிபெயர்ப்பில்தான் என்றால் வேறு இடம் பார்க்கலாம்.

மணி நேரத்தை எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஜப்பானிய மொழி கற்றுக்கொடுக்க ஏறக்குறைய 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. வாரம் 8 மணி, ஆண்டுக்கு 30 வாரம் என்று வைத்தால் மூன்று ஆண்டில் 720 மணிதான் வரும். மீதியை அவள் தனியாக உட்கார்ந்துதான் சேர்க்க வேண்டும்.

அந்தக் கணக்கு ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குப் போட்டது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. ‘கக்கோ நி இகிமாஸ்’ என்றால் ‘பள்ளிக்குப் போகிறேன்’. ‘நி’ நம் ‘கு’ உருபு நிற்கும் இடத்திலேயே நிற்கிறது, வினை கடைசியில் வருகிறது. ‘என்று நினைக்கிறேன்’ என்பதற்கு ‘தோ ஒமோஇமாஸ்’ என்கிறார்கள். அந்தத் ‘தோ’ அப்படியே நம் ‘என்று’. இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று ஒனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் பல ஆண்டு வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். வாக்கியம் அமைக்கும்போது நம் பிள்ளைகள் தடுமாறுவது குறைவு.

தடுமாறுவது கஞ்சியில்தான், அதாவது சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்துகளில். அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று அரசு வகுத்த பட்டியலில் 2,136 எழுத்துகள் உள்ளன. எண்ணிக்கை மட்டுமே பிரச்சினை இல்லை. ஐந்தே கோட்டில் எழுதும் ஓர் எழுத்து உண்டு, உயிர், பிறப்பு என்று பொருள். ஆசிரியரைக் குறிக்கும் ‘சென்செய்’ என்ற சொல்லில் அது ‘செய்’, பிறந்தநாளைக் குறிக்கும் ‘தன்ஜோபி’யில் ‘ஜோ’, சமைக்காத பச்சைப் பொருள் என்றால் ‘நமா’, வாழ்வது என்றால் ‘இகிரு’வின் ‘இ’. ஒரே எழுத்து!

இரண்டாம் ஆண்டில் இருந்த ஒரு மாணவன், படிப்பை விட்டுவிடுகிறேன் என்று வந்தான். அவன் நோட்டைப் புரட்டினேன். முதல் ஐம்பது பக்கம் கட்டம் கட்டமாக நிறைந்திருந்தது. அதற்குப் பிறகு பக்கத்துக்குப் பக்கம் தேதி மட்டும் இருந்தது. அவனை மீட்டது மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. சிறுவர்களுக்கான மாங்காவில் கஞ்சிக்குப் பக்கத்திலேயே உச்சரிப்பைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். தினம் நான்கு பக்கம் படிக்கத் தொடங்கி, மறுபடி எழுதவும் ஆரம்பித்தான். ஆகவே அனிமே என்ற அவர்களுடைய கார்ட்டூன் படம், மாங்கா என்று மகளைத் திட்டாதீர்கள். பார்ப்பதை வாசிப்பாக மாற்றிக்கொள் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்போது வேலை. ஜப்பானிய மொழித் திறனை அளக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வில் ஐந்து படிகள்: என்5 எளியது, என்1 கடினம். அலுவலக வேலைக்குப் பெரும்பாலும் என்2-வாவது கேட்பார்கள். ஆனால் அந்தத் தேர்வில் பேசவும் வேண்டாம், கட்டுரை எழுதவும் வேண்டாம். விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். என்2 தேறியும் ஒரு போன் அழைப்பை எடுக்கப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜப்பானிய மொழியில் மரியாதைக்கேற்ப வினையே மாறும்: எதிரில் இருப்பவர் ‘வருவதற்கு’ ஒரு வினைச்சொல், நாம் பணிந்து ‘வருவதற்கு’ வேறொன்று. முதல் ஆண்டிலிருந்தே வாய்விட்டுப் பேசிப் பழகாமல் இது வராது.

சாதாரண மொழிபெயர்ப்பை இயந்திரம் செய்யத் தொடங்கிவிட்டது. அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கூட்டத்தில் ஜப்பானியர் ‘கென்தோ ஷிமாஸ்’, அதாவது ‘பரிசீலிக்கிறோம்’ என்றால் அது பல நேரம் மரியாதையான மறுப்பு. அதைப் பிடித்து நம் பக்கத்துக்குச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கணக்கியலோ மென்பொருளோ சட்டமோ சேர்ந்து தெரிந்தால் அவரை விடமாட்டார்கள். என் கருத்து உறுதியானது: துணைப்பாடம் ஒன்றை முதல் ஆண்டிலேயே எடுக்க வேண்டும்.

சர்டிபிகேட் போதாதா, டிகிரி எதற்கு என்று கேட்டீர்கள். மொழிபெயர்ப்பு, மொழி கற்பித்தல் போன்ற வேலைக்கு ஜப்பானில் பணி விசா கேட்பவருக்கு மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும்; பல்கலைக்கழகப் பட்டதாரிக்கு அந்த நிபந்தனை கிடையாது. மொழியையும் பண்பாட்டையும் முதன்மைப் பாடமாக வெளிநாட்டில் படிக்கும் மாணவர்கள் ஓராண்டு ஜப்பானியப் பல்கலைக்கழகத்தில் படிக்க, அந்நாட்டு அரசே உதவித்தொகை தருகிறது. தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். இரண்டாம் ஆண்டிலிருந்தே அதைக் குறிவைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை பாடத்திட்டத்தோடு வாருங்கள், மூவரும் உட்கார்ந்து பார்ப்போம். மகள் அன்று பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஜப்பானிய மொழியின் அடிப்படை ஒலி எழுத்தான ஹிரகனாவின் 46 எழுத்தையும் யாரும் சொல்லித்தராமல் தானே எழுதிப் பழகியிருந்தாள். நீங்கள் கட்டணம் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்ததால் அதைத் திறந்து பார்க்கவில்லை.